புழுதி அடங்கவே மாட்டேன் என்கிறது, ரசாயனம் இல்லாமல் வழி உண்டா?

வெயில்வாசி:
எங்கள் பக்கம் மழை அபூர்வம், காற்றுக்கு மட்டும் குறைவில்லை. காலையில் கூட்டித் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் மதியத்துக்குள் மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம். கடையில் விற்கும் வாசனைத் தரைத் திரவங்களை ஒரேயடியாக நிறுத்திவிட நினைக்கிறேன், அந்த நெடி வீட்டில் யாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. எங்கே தேடினாலும் வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து துடையுங்கள் என்கிறார்கள். அது சரிதானா? தரை பாதி மார்பிள், பாதி டைல்ஸ். தண்ணீரும் தாராளம் இல்லை, கிடைப்பதும் உப்புத் தண்ணீர்தான், காய்ந்தால் வெள்ளையாகப் படலம் விட்டுப் போகிறது. துடைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

கரைசல்:
முதலில் அந்தக் கலவையை விடுங்கள். வினிகர் அமிலம், சோடா காரம்; சேர்த்தால் நுரை பொங்கும், பார்க்க ஏதோ பெரிய வேலை நடப்பது போல இருக்கும், கடைசியில் மிஞ்சுவது தண்ணீரும் சோடியம் அசிடேட் என்கிற உப்பும்தான். ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடுகிறது. மார்பிள்மேல் வினிகரோ எலுமிச்சையோ படவே கூடாது. மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்ட இடம் அரித்து மங்கிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் அந்தத் தழும்பு போகாது, மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். குழாயில் படியும் உப்புக்கறையும் கிட்டத்தட்ட அதே சரக்கு என்பதால் அங்கே மட்டும் வினிகர் அருமையாக வேலை செய்யும். துணியை நனைத்துக் குழாயில் சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தேய்த்தால் போதும். அப்புறம் ஒன்று, பிளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

தரையில் விழும் வெள்ளைப் படலத்துக்குப் பாதிக் காரணம் சோப்பாக இருக்கலாம். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சோப்பு சேர்ந்தால் திரிந்துபோய்ப் படிந்துவிடும். தினசரிப் புழுதிக்கு சோப்பே வேண்டாம், வெறும் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்துக்கு மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு.

மூலைமுடுக்கு:
மேலே சொன்னது சரி, ஆனால் ஆரம்பமே துடைப்பத்தில் இருக்கிறது. காய்ந்த தரையில் வீசிக் கூட்டினால் பெரிய மண் ஓரமாகப் போகும், நுண்ணிய தூசி எழும்பி மணிக்கணக்கில் காற்றிலேயே மிதந்து, நீங்கள் துடைத்து முடித்த பிறகு சாவகாசமாக வந்து உட்காரும். மதியம் மேசைமேல் நீங்கள் பார்ப்பதில் ஒரு பங்கு காலையில் நீங்களே கிளப்பிவிட்டதுதான்! வாக்குவம் கிளீனர் இருந்தால் அதில் ஹெப்பா ஃபில்டர், அதாவது நுண்தூசியையும் பிடித்துவைக்கும் வடிகட்டி, உள்ளதா என்று பாருங்கள், அது இல்லாத சில இயந்திரங்கள் முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதிவிடும். இல்லையென்றால் மண்ணை மட்டும் மெதுவாகத் தள்ளி வாரிவிட்டு மீதியை ஈரத்துணிக்கு விடுங்கள்.

மேலிருந்து கீழே வர வேண்டும். ஃபேன் இறக்கைக்கு ஒரு பழைய தலையணை உறை போதும்: இறக்கையை உறைக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தபடி மெல்ல இழுங்கள், மொத்தத் தூசியும் உறைக்குள்ளேயே விழுந்துவிடும், தலையில் கொட்டாது. கண்ணாடியையும் மொபைல் திரையையும் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். மண்தூசியில் குவார்ட்ஸ் என்கிற கனிமத் துகள் இருக்கும், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 7, சாதாரணக் கண்ணாடி 5.5 பக்கம். கீறல் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா?

பழந்துணி:
இந்த இழையில் அடுத்து யாராவது மைக்ரோஃபைபர் வாங்கச் சொல்வார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். தூசியைப் பிடிப்பதில் அது கெட்டிக்காரத் துணிதான், மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் பாலியெஸ்டர் என்கிற பிளாஸ்டிக் நூல், ஒவ்வொரு துவைப்பிலும் நுண்பிளாஸ்டிக் இழை தண்ணீரோடு போகும். சுற்றுச்சூழலுக்காகத்தானே இவ்வளவு பாடு? கிழிந்த பருத்திச் சட்டையை ஈரமாக்கித் துடைத்தால் வீட்டுப் புழுதிக்கு அதுவே தாராளம்.

வெயில்வாசி:
நன்றி. சட்டைக்குப் பஞ்சமில்லை :) ஜன்னலை நாள் முழுக்க மூடி வைப்பதும் முடியாதே, வெந்துவிடுவோம். செடி விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

வாசற்படி:
நாள் முழுக்க மூட வேண்டாம். பல இடங்களில் அதிகாலையில் காற்று அமைதியாக இருக்கும், வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். விடியலில் எல்லாவற்றையும் திறந்து, காற்று கிளம்பியதும் அது அடிக்கிற பக்கத்து ஜன்னல்களை மட்டும் சாத்துங்கள். கதவின் அடிச்சந்தில் வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாகப் புழுதியும் வருகிறது என்று பொருள், ஒரு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். வாசலுக்கு வெளியே சொரசொரப்பான மிதியடி, உள்ளே துணி மிதியடி, செருப்பு வெளியே. ஜன்னல் கொசுவலையை வாரம் ஒருமுறை ஈரப் பிரஷ்ஷால் தேயுங்கள், வீட்டுக்குள் வரும் காற்று அதில் ஒட்டியிருக்கும் தூசியைத்தான் உதிர்த்துக்கொண்டு வருகிறது. வீட்டைச் சுற்றி வெறும் மண் கிடந்தால் ஜல்லியோ காய்ந்த சருகோ பரப்பிவிடுங்கள், இதற்குப் பிறகுதான் துடைக்கிற வேலை உண்மையில் குறையும்.

செடிக்கு: வெறும் தண்ணீரில் துடைத்தது என்றால் தாராளமாக ஊற்றலாம். சோடாவோ உப்போ பிளீச்சோ போட்டது என்றால் வேண்டாம். மழை குறைந்த இடத்தில் சோடியத்தைக் கழுவிக் கீழே இறக்க ஆளில்லை, மண்ணிலேயே சேர்ந்து கெட்டிப்பட்டுவிடும். தொட்டிச் செடிக்கு இன்னும் மோசம். அதைக் கழிப்பறையில் ஊற்றி ஒரு ஃப்ளஷ்ஷை மிச்சம் பிடியுங்கள்.