நுவரெலியாக் குளிரிலும் அனிலீன் சாயம் தாராகுது, ஏன்?

கந்தப்பளை மாணவி:
வணக்கம். உயர்தரச் செய்முறை. அனிலீனை டயசோனியம் உப்பாக்கி (நைதரசன் சோடி ஒட்டிய உப்பு) 2-நப்தோலுடன் சேர்த்தால் செம்மஞ்சள் சாயம் வரணும். எடுத்தது: அனிலீன் 1.8 மி.லீ., செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் 3 மி.லீ., 7 மி.லீ. நீரில் கரைத்த சோடியம் நைத்திரைற்று 1.4 கிராம். ஆய்கூடமே 14 பாகைதான், அதனால் ஐஸ் வைக்கவில்லை. நைத்திரைற்றை ஒரேயடியாக ஊற்றியதும் கபிலப் புகை, நுரை, அடியில் மஞ்சள் வீழ்படிவு. அதை நப்தோலில் ஊற்றினால் தார் மாதிரி ஒட்டுது. இந்தக் குளிருக்கும் ஐஸ் வேணுமா? போத்தலில் உள்ள அனிலீன் பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் இருக்கு, பிழை அதிலயா?

சோதனைக்குழாய்:
தங்கச்சி, 14 பாகை நமக்குத்தான் குளிர். டயசோனியம் உப்பு 5 பாகையைத் தாண்டினாலே நைதரசனை விட்டுவிட்டு பீனோலாக மாறத் தொடங்கும். நீங்கள் பார்த்த நுரையில் அதுவும் ஒரு பங்கு. உண்டான பீனோலோடு மிச்ச டயசோனியம் இணைந்துகொள்ளும், தாருக்கு அது ஒரு காரணம். கபிலப் புகை வேறு: நைத்திரைற்றை மொத்தமாக ஊற்றினால் நைத்திரசு அமிலம் உடைந்து வருவது.

ஆனால் பெரிய பிழை அமிலத்தில். 1.8 மி.லீ. அனிலீன் கிட்டத்தட்ட 0.02 மூல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு). சமன்பாட்டின்படியே 0.04 மூல் அமிலம் வேணும், 3 மி.லீ. தருவது 0.036. பழைய போத்தல் என்றால் இன்னும் குறையும். அமிலம் போதாவிட்டால் தாக்கமுறாத அனிலீனையே டயசோனியம் பிடித்துக்கொள்ளும். அந்த மஞ்சள் வீழ்படிவு அநேகமாக டயசோஅமினோபென்சீன்.

இப்படிச் செய்து பாருங்கள். அமிலம் 5 மி.லீ., நீர் 10 மி.லீ., அதில் அனிலீன். முகவையை உப்புப் போட்ட ஐஸில் வையுங்கள் (மீன்கடை ஐஸ் போதும், ஆனால் முகவைக்கு உள்ளே போட வேண்டாம்). குளிரும்போது வெள்ளைப் பளிங்கு படியும். அது அனிலீன் ஐதரோகுளோரைட்டு, பயப்பட வேண்டாம், தாக்கம் நடக்க நடக்கக் கரையும். நைத்திரைற்றுக் கரைசலையும் குளிரவைத்து, துளித்துளியாக, பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்து விடுங்கள். வெப்பமானி முகவைக்குள்ளேயே இருக்கட்டும். 5ஐத் தொட்டால் நிறுத்துங்கள்.

எப்போது போதும் என்பதை நிறையை வைத்துப் பார்க்காதீர்கள். நைத்திரைற்று ஈரக் காற்றில் மெல்ல நைத்திரேற்றாகும், நம்ம பக்கத்து மூடுபனியில் அது நடக்கக்கூடியதுதான். மாப்பொருள்–பொற்றாசியம் அயடைட்டுத் தாளில் ஒரு துளி வையுங்கள்: உடனே கருநீலம் வந்தால் நிறைவு. தாமதமாக வரும் நீலம் காற்றின் வேலை, கணக்கில் எடுக்க வேண்டாம். கூடிவிட்டால் ஒரு சிட்டிகை யூரியா.

2-நப்தோல் 2.9 கிராமை 10 சதவீத சோடியம் ஐதரொட்சைட்டு 25 மி.லீ.யில் கரைத்து அதையும் குளிரவைத்து, டயசோனியத்தை அதனுள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். முழுதும் வந்தால் கிட்டத்தட்ட 5 கிராம். கிடைப்பது சூடான் 1. மிளகாய்த்தூளில் கலப்படம் செய்து பிடிபட்டது இதே சாயந்தான், கையுறை போடுங்கள்.

கந்தப்பளை மாணவி:
நன்றி அண்ணா. அந்தப் பிளேன்டி நிறம்?

மலையடிவாரம்:
அது காற்றுப்பட்டு ஒட்சியேறியது. கொஞ்சம் கறுத்த அனிலீனில் சாயம் வரும், கொஞ்சம் மங்கலாக. நல்லது வேணுமென்றால் ஆசிரியர் புகைக்கூண்டில் சிட்டிகை நாகத்தூள் (துத்தநாகத் தூள்) போட்டுக் காய்ச்சி வடிக்கட்டும், நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லுங்கள்: புத்தகத்தில் கொதிநிலை 184 பாகை, ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அது 175–176 அளவிலேயே வடிந்துவிடும். 184க்குக் காத்திருந்தால் நல்ல பாகமெல்லாம் "முதல் வடி" என்று கொட்டப்படும்.

சாயத்தைப் பளிங்காக்க கிளேசியல் (நீர் கலக்காத) அசற்றிக் அமிலம் எடுப்பார்கள். 16.6 பாகையில் உறையும் என்பதால் நுவரெலியாக் காலையில் போத்தல் முழுக்கக் கட்டியாக இருக்கும். குத்தி எடுக்காதீர்கள். மூடியை லேசாகத் தளர்த்தி வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். உருகுநிலை 131–133 பாகை வந்தால் சாயம் சுத்தம்.

சோதனைக்குழாய்:
ஒன்று விட்டுப்போச்சு. டயசோனியம் உப்பை வடித்துக் காயவைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம், காய்ந்தால் வெடிக்கும், கரைசலாகவே உடனே பாவியுங்கள். அனிலீன் தோலாலேயே உள்ளே போய் இரத்தத்தின் ஒட்சிசன் காவும் வேலையைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் ஆஸ்பத்திரிதான். தெறித்தால் சோப்பும் நிறையத் தண்ணியும். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாமல் பெயர் எழுதிய கழிவுப் போத்தலில் போடுங்கள். தொட்டியின் கான் (வடிகால்) போய்ச் சேரும் ஓடையில்தான் கீழே லீக்ஸுக்கும் கரட்டுக்கும் தண்ணி பாய்ச்சுகிறார்கள்.