படகில் லாரி எஞ்சின்: அணியம் தூக்கினால் ஆயில் லைட் எரிகிறது, சேம்பரை மாற்றிச் செய்யலாமா?

கீச்சாங்குப்பம் படகுக்காரன்

நாகையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் விசைப்படகில் இருந்த பழைய எஞ்சின் இனித் தாங்காது என்று ஆகிவிட்டதால், மாசியில் ஆறு சிலிண்டர் லாரி எஞ்சின் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஏற்றினோம். கியர்பாக்ஸும் ஷாப்டும் பழையதுதான். கடுவையாற்றுக்குள் ஓட்டும்வரை ஒரு குறையும் இல்லை. முகத்துவாரம் தாண்டி, எதிர் அலையில் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கும்போது ஆயில் லைட் மினுக்குகிறது. இறங்கியதும் அணைந்துவிடுகிறது.

ஆயில் பம்ப் போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். அதே கதைதான். ஆயில் பத்தவில்லை என்றார்கள், எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சேம்பரில், 12 லிட்டர் பிடிக்கும், இன்னும் 3 லிட்டர் ஊற்றினேன். அப்புறம்தான் வினை: பின் சீல் ஒழுக ஆரம்பித்தது, டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மோர் மாதிரி நுரைத்து வருகிறது. இப்போது தடைக்காலம், படகு கரையில் நிற்கிறது. ஜூன் 14 முடிந்தால் இறக்கியாக வேண்டும். என்ன செய்யலாம்?

பழையாறு மெக்கானிக்

முதல் வேலையாக அந்த 3 லிட்டரை எடுத்துவிடுங்கள். பின்பக்கம் கிராங்க் ஆயிலுக்குள் முங்கி அடிக்கிறது, நுரை அதனால்தான். நுரையை பம்ப் இழுத்தால் பிரஷர் எப்படி வரும்?

இரண்டு விஷயம் சொல்லுங்கள். எஞ்சின் எத்தனை டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது? சேம்பரின் குழி அணியத்துப் பக்கமா, பின்னால் அமரத்துப் பக்கமா?

கீச்சாங்குப்பம் படகுக்காரன்

செல்போனில் மட்டம் பார்க்கும் ஆப்பை எஞ்சின் பெட் மேல் வைத்துப் பார்த்தேன் அண்ணே. 10 டிகிரி, அமரம் தாழ்வு. குழி முன்பக்கம், பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் அந்தக் குழியின் முன்சுவரை ஒட்டி இருக்கிறது.

பழையாறு மெக்கானிக்

அப்படியென்றால் பம்ப் மேல் பழி போட வேண்டாம். லாரியில் எஞ்சின் ஏறக்குறைய மட்டமாக இருக்கும். உங்கள் படகில் ஷாப்ட் சாய்வுக்கு அதுவும் சாய்ந்தே ஆகணும். சேம்பர் நீளம் 80 செ.மீ. என்று வைத்தால், 10 டிகிரியில் பின்முனை 14 செ.மீ. தாழ்ந்துவிடுகிறது. அணியம் இன்னும் 5 டிகிரி தூக்கினால் 21 செ.மீ. மேலிருந்து வடியும் ஆயில் பின்னால் தேங்கிவிடுகிறது, முன்னால் ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சுகிறது.

நம்பிக்கை இல்லை என்றால் சேம்பரைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 12 ஊற்றாதீர்கள், 9 ஊற்றுங்கள். மிச்சம் ஓடும்போது எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

கீச்சாங்குப்பம் படகுக்காரன்

பார்த்துவிட்டேன். சேம்பரைத் தரையில் வைத்து, ஸ்ட்ரெய்னரை அதன் இடத்தில் கம்பியால் கட்டி, முன்னால் செங்கல் முட்டுக் கொடுத்தேன். 10 டிகிரியில் ஸ்ட்ரெய்னர் வாய் மேல் விரலளவு தண்ணீர் நின்றது. இன்னொரு செங்கல் வைத்தேன். முன்பக்கத்து வாய் வெளியே வந்துவிட்டது. பின்னால் தண்ணீர் குளமாக நிற்கிறது. பம்புக்குக் கொடுத்த காசை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சேம்பரை அப்படியே திருப்பி மாட்ட முடியாதா?

திருவாரூர் லேத்

முடியாது தம்பி. முன்னால் டைமிங் கவர் வளைவு, பின்னால் சீல் வளைவு, இரண்டும் ஒன்றல்ல. போல்ட் துளையும் சேராது. புதிதாகத்தான் செய்யணும். எங்கள் பட்டறையில் டிராக்டர், அறுவடை மிஷின் வேலைதான் அதிகம், ஆனாலும் சேம்பர் சேம்பர்தான். பின்னால் ஏராவுக்கும் (படகின் அடிக்கட்டை) எஞ்சின் விளிம்புக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது?

கீச்சாங்குப்பம் படகுக்காரன்

19 செ.மீ. தான் அண்ணே. பக்கவாட்டில் பெட் கட்டைகளுக்கு நடுவே 38 செ.மீ.

கும்பகோணம் கார்ப் பையன்

மாஸ்டா ரோட்டரி எஞ்சினை வேறு கார்களில் ஏற்றுகிற வீடியோக்களை விடாமல் பார்க்கிறவன் நான். அங்கேயும் இதே தலைவலிதான்: எஞ்சின் உட்காரும், சேம்பர் போய் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். வெட்டி ஒட்டுவார்கள். 13பி என்கிற அந்த ரோட்டரி எஞ்சின் மூன்று இரும்புத் தட்டு, நடுவில் இரண்டு அலுமினிய ஹவுசிங் என்று ஐந்து துண்டுகளை அடுக்கி இறுக்கியது. சேம்பர் விளிம்பு அத்தனை இணைப்பின் மேலும் படிய வேண்டும், மெல்லிய தகடு நெளிந்தால் ஒழுகும். அதனால் விளிம்பில் தடித்த பட்டை, அதாவது பிளாஞ்ச் போடுகிறார்கள். அலுமினியத்தில் செய்தால் எடையும் குறையும், செய்யலாமே?

திருவாரூர் லேத்

படகுக்கு எடை குறைத்து என்ன பண்ண? அடியில் தேங்கும் உப்புத் தண்ணீரில் அலுமினியத்தை இரும்போடும் வெண்கலத்தோடும் வைத்தால் அது அரித்துப்போகும். பிளாஞ்ச் பேச்சு சரி, அதை எடுத்துக்கொள்கிறேன்.

நான் செய்தால் இப்படி: 3 எம்.எம். எம்.எஸ். (சாதா இரும்பு) தகடு, 10 எம்.எம். பட்டாவில் பிளாஞ்ச். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு கொண்டுவந்து விடாதீர்கள், வெல்டிங்கில் புகை ஆளைச் சாய்க்கும். குழி ஆழம் 16 செ.மீ., ஏராவுக்கு மேல் 3 செ.மீ. சந்து விடணும். ஆழம் கிடைக்காததை அகலத்தில் எடுப்போம், முறம் மாதிரி 34 செ.மீ. விரிக்கலாம். அடித்தகடு முன்னிருந்தே பின்னால் சரியட்டும், இடையில் படி வேண்டாம்.

வெல்டிங்தான் உயிர். பிளாஞ்சை வெறுமனே வைத்துப் பற்றவைத்தால் வாழைப்பழமாக வளைந்துவிடும். தடித்த பிளேட்டில் போல்ட் போட்டு முடுக்கி, இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி வைக்கணும். ஆறிய பிறகே கழற்றி, மில்லிங் மிஷினில் முகம் எடுத்து மட்டமாக்கணும்.

இன்னொன்று. மேட்டூர் ஜூன் 12இல் திறந்துவிட்டால் பட்டறை வாசலில் டிராக்டர் வரிசை கட்டும். இந்த வாரமே வாருங்கள்.

பழையாறு மெக்கானிக்

பம்ப் முன்னால், குழி பின்னால், ஆக உறிஞ்சும் பைப் அரை மீட்டர் நீளும். உள்விட்டம் பழையதைவிட ஒரு சைஸ் கூடுதலாகவே இருக்கட்டும். இரண்டு இடத்தில் பிராக்கெட் கொடுங்கள், இல்லை என்றால் அதிர்வில் கழுத்தில் விரிசல் விடும். ஊசித் துளை இருந்தாலும் ஆயிலுக்குப் பதில் காற்றுதான் வரும், ஒரு வாயை அடைத்து, சோப்பு நுரை தடவி, ஊதிப் பாருங்கள். ஸ்ட்ரெய்னருக்கும் தரைக்கும் 10 எம்.எம். இடைவெளி போதும்.

குழிக்குள் இரண்டு தடுப்புத் தகடு, அடியில் ஓட்டையோடு. உருண்டாலும் ஆயில் ஓடிவிடாது.

டிரெயின் போல்ட் வைத்தால் படகில் யார் கை போட்டுத் திறப்பது? குழியின் அடிமூலைவரை ஒரு பைப் இறக்கி மேலே கொண்டுவந்துவிடுங்கள், கைப் பம்பால் பழைய ஆயிலை இழுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் கிராங்க் சுழலும் பேரிங் ஷெல்லைக் கழற்றிப் பாருங்கள். லைட் மினுக்கிய ஒவ்வொரு முறையும் அது காய்ந்து ஓடியிருக்கிறது.

காரைக்கால் டிரைவர்

எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றில் மாற்றியாகிவிட்டதா? தடைக்காலத்தில்தான் மீன்வளத் துறை ஆய்வுக்கு வருவார்கள். அப்போது போய் முழிக்காதீர்கள்.

கீச்சாங்குப்பம் படகுக்காரன்

மனு கொடுத்தாயிற்று அண்ணே.

ஷெல்லைப் பார்த்தோம். கனெக்டிங் ராடு ஷெல் இரண்டில் மேற்பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது. கிராங்க் கீறவில்லை, தப்பித்தோம். செட்டாகவே மாற்றிவிட்டேன்.

சேம்பர் திருவாரூரில் மூன்று நாளில் முடிந்தது. வெளியே வெல்டிங் மேல் சாக்பீஸைக் கரைத்துப் பூசிக் காயவைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தார்கள். காலையில் பின்மூலையில் வெள்ளையில் ஒரு மிளகளவு கறுப்பு ஈரம். அரைத்து எடுத்துத் திரும்ப வைத்து, மறுபடி ஒரு ராத்திரி. அப்புறம் உள்ளே கசடு ஒரு துளி இல்லாமல் தேய்த்துக் கழுவிவிட்டு மாட்டினோம்.

பழையாறு மெக்கானிக்

பழைய டிப்ஸ்டிக் கோட்டை நம்பாதீர்கள். படகு தண்ணீரில் மிதக்கும்போது அளந்து ஊற்றி, புதுக் கோடு போடுங்கள். லைட்டை மட்டும் நம்பாமல் ஒரு பிரஷர் கேஜும் வையுங்கள்.

கீச்சாங்குப்பம் படகுக்காரன்

முதல் கடலுக்குப் போய்த் திரும்பிவிட்டோம். டிப்ஸ்டிக்கில் 10 லிட்டருக்கு ஒரு கோடும் 12க்கு ஒரு கோடும் அரத்தால் போட்டேன். எஞ்சின் சூடான பிறகும் கேஜ் முள் 3 கிலோவில் நிற்கிறது. முகத்துவாரத்தில் நல்ல அலை, அணியம் ஏறும்போதெல்லாம் தம்பி கேஜ் முன்னாலேயே குந்தியிருந்தான். முள் ஒரு முறை 2.5க்கு இறங்கி ஏறியது, அவ்வளவுதான். பின் சீலில் இன்னும் லேசாக ஈரம் கசிகிறது, அடுத்த நடையில் பார்க்கணும்.

லேத் அண்ணே, முகம் எடுத்த கூலி பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வஞ்சிரம் வேண்டுமா, இறால் போதுமா?