தெருவில் நோய் பரவியபோது சுகாதாரத் துறை என்ன செய்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்துக்காரன்:

எங்கள் தெருவில் மலேரியா வந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். ராமேஸ்வரம் தீவுக்கு மலேரியா புதிதல்ல. வீட்டுக்கு வீடு கிணறும் தொட்டியும் உண்டு. மலேரியாவைப் பரப்பும் கொசுவுக்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

வெளியூரில் தங்கிக் கடல்தொழில் பார்த்துவிட்டு வந்த மாமா மகனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து வைவாக்ஸ் என்ற வகை மலேரியா என்றார்கள். அன்று சாயங்காலமே சுகாதார ஆய்வாளர் வாசலில் நின்றார். "எந்த ஊர்ல தொழில் பார்த்தீங்க, எப்ப வந்தீங்க?" இதுதான் அவருடைய முதல் கேள்வி.

மறுநாள் வீடு வீடாக வந்தார்கள். காய்ச்சல் இருப்பவர், சமீபத்தில் வந்து போனவர் எல்லாருக்கும் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைத் தடிப்பாகவும் இன்னொன்றை மெலிசாகவும் தடவினார்கள். தடிப்பில் கிருமி இருக்கிறதா என்று தெரியும், மெலிசில் எந்த வகை என்று தெரியும் என்று விளக்கமும் சொன்னார்கள். ஆண்கள் பாதிப்பேர் வீட்டில் இல்லை. அதனால் விசைப்படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து இறங்குதளத்துக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். எங்கள் தொழில் தெரிந்தவர்கள்தான் அப்படி யோசிப்பார்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பணியாளர் வெள்ளைக் கரண்டியில் மொண்டு காட்டினார். கொசுப்புழு தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடந்தது. "தலைகீழாத் தொங்கினா டெங்குக் கொசு. இப்படிப் படுத்திருந்தா மலேரியாக் கொசு" என்றார். கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விட்டார்கள், தொட்டிக்குப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. கரையில் கிடந்த வத்தைகளில் (சிறு படகுகளில்) தேங்கிய மழைத்தண்ணீரையும் விடவில்லை, கொட்டிவிட்டுத்தான் போனார்கள்.

பெரிய பாடு மாத்திரையில்தான். குளோரோகுயின் 3 நாள் சாப்பிட்டதும் காய்ச்சல் நின்றுவிடும். ஆனால் ஈரலில் பதுங்கிய கிருமி சாக பிரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் அதைத் தரமாட்டார்கள். காய்ச்சல் விட்டதும் பையன்கள் மாத்திரையை வீட்டில் போட்டுவிட்டுக் கடலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மாதக்கணக்கு கழித்து அதே காய்ச்சல் திரும்பும், தெருவுக்கும் பரவும். எங்கள் மாமா மகனும் அப்படிக் கிளம்பப் பார்த்தவன்தான். கிராம சுகாதாரச் செவிலியர் காலையில் வந்து, கண்முன்னே முழுங்கச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவார். அந்த அம்மாவுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

தொண்டி அக்கா:

எங்கள் பக்கம் வந்தது வயிற்றுப்போக்கு. ஒரே வரிசையில் வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். வந்தவர்கள் என்ன சாப்பிட்டோம் என்று மட்டும் கேட்கவில்லை, எந்தக் குழாய்த் தண்ணீர் என்றும் எழுதிக்கொண்டார்கள். மாத்திரை தருவதற்கு முன்பே சிலரிடம் மல மாதிரி எடுத்தார்கள், காலராவா என்று பார்க்க.

அப்புறம் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டார்கள். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். மேல்நிலைத் தொட்டிப் பக்கம் நல்ல மஞ்சள், எங்கள் தெருக்கோடியில் நிறமே இல்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டுமாம்.

காரணம் குழிக்குழாய். தண்ணீர் வேகமாக வராததால் குழி தோண்டி, குழாயைத் தாழ்த்தி, உள்ளே குடம் வைத்துப் பிடிப்போம். குழியில் சாக்கடை நிற்கும். சப்ளை நின்றதும் குழாய் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுகாதார ஆய்வாளர் இதைச் சொல்லிவிட்டார், ஆனால் குழாயை உயர்த்தித் தரவேண்டியவர்கள் அசையவே இல்லை. அதுவரை லாரித் தண்ணீர்தான். நோயைக் கண்டுபிடிப்பது ஒரு துறை, குழாயைச் சரிசெய்வது வேறொரு துறை என்றால் நடுவில் பிள்ளைகள்தானே படுகிறார்கள்!

இன்னொன்று. பேதிக்குத் தரும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை (ஓ.ஆர்.எஸ்.) ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் ஆபத்து.

தங்கச்சிமடத்துக்காரன்:

அக்கா, குழிக்குழாய் இங்கேயும் இருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் பேசுகிறேன். மற்றவர்களுக்கு ஒன்று: பக்கத்துப் பக்கத்து வீட்டில் காய்ச்சலோ பேதியோ என்றால் மருந்துக்கடையோடு நிறுத்திவிடாதீர்கள். செவிலியரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழையுங்கள்.