ட்ரையம்சினலோன் செலுத்தினால் முன்னறை முழுவதும் வெள்ளையாகிவிடுகிறது: கண்ணாடியுடனீரை எப்படி அடையாளம் காண்பது?

ஹட்டன் பக்கத்து வைத்தியர்:
கண்புரைச் சத்திரசிகிச்சையில் வில்லையின் பின்னுறை கிழிந்தால் கண்ணாடியுடனீர் (வில்லைக்குப் பின்னே கண்ணை நிரப்பும் தெளிந்த கூழ்) முன்னறைக்குள், அதாவது கண்ணின் முன்பகுதிக்குள், வந்துவிடுகிறது. வந்தது புரிகிறது, எங்கே கிடக்கிறது என்பதுதான் தெரிவதில்லை. எங்களிடம் வரும் தோட்டத்து மூத்தவர்கள் பலர் பார்வை அறவே மங்கியபிறகே வருகிறார்கள். வில்லையின் கரு கடும் சாயத் தேநீரின் நிறத்தில் இறுகியிருக்கும். அண்மையில் அப்படியோர் அம்மாவுக்கு உறை கிழிந்தது. கண்ணாடியுடனீரை வெள்ளையாகக் காட்ட ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை நாடினோம். கையில் இருந்தது மூட்டு வலிக்குப் போடும் 40 மில்லிகிராம் குப்பி. செலுத்தியதும் கதிராளியின் (கண்ணின் நிற வளையத்தின்) விளிம்புகூட மறைந்துவிட்டது. அலசியெடுத்து ஒருவாறு முடித்தோம்; அம்மா நலம். ஏன் இப்படி ஆகிறது?

கண்டி, ஓய்வுபெற்ற கண் நிபுணர்:
தம்பி, மருந்தைக் கழுவினீர்களா? உள்ளே விஸ்கோஎலாஸ்டிக் (அறையைத் தாங்கும் பசைத் திரவம்) இருந்ததா?

ஹட்டன் பக்கத்து வைத்தியர்:
குப்பியிலிருந்து நேரே எடுத்ததுதான் ஐயா. விஸ்கோ நிறையவே இருந்தது.

கண்டி, ஓய்வுபெற்ற கண் நிபுணர்:
அப்படியானால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ட்ரையம்சினலோன் சாயம் அல்ல, கரையாத நுண்துகள். நீரில் மிதப்பவை அலசினால் போய்விடும். கண்ணாடியுடனீரில் சிக்கியவை வெள்ளை இழையாக நிற்கும். செறிவு கூடினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். விஸ்கோவும் துகளைப் பிடித்துவைத்து நம்மை ஏமாற்றும்.

2003இல் பர்க் என்ற கண் வைத்தியரின் குழுவினர் இந்த முறையை வெளியிட்டபோதே கழுவுவதையும் சேர்த்தே சொன்னார்கள்: மருந்தில் 0.2 மில்லிலீற்றரை 5 மைக்ரோன் வடிகட்டியில் பிடித்து, கண்ணுக்கான உப்புக்கரைசலால் அலசி, புதிய கரைசலில் மீண்டும் கலப்பது. குப்பியில் மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சைல் அல்ககோலும் அதோடு போய்விடும். அது கண்ணுக்குள் போகவே கூடாது. நான் பத்து மடங்கு ஐதாக்கிச் சில துளிகள் மட்டும் விடுவேன்.

இன்னொன்று: உறை கிழிந்ததும் பேகோ முனையை (வில்லையை உடைத்து உறிஞ்சும் கருவியின் முனையை) வெடுக்கென்று உருவாதீர்கள். பக்கத் துளையால் விஸ்கோ செலுத்தி அறையைத் தாங்கிய பிறகே வெளியே எடுங்கள். கண்ணாடியுடனீரை வெட்டும் கருவி ஒரு துளையில், நீர்ப்பாய்ச்சல் இன்னொரு துளையில். வெட்டு வேகம் அதிகம், உறிஞ்சல் குறைவு. பஞ்சால் தொட்டு இழுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், விழித்திரை இழுபடும். முடிந்ததாக நினைத்த பின் இன்னொரு துளி விட்டுப் பாருங்கள். காயத்தை நோக்கி ஒரு வெள்ளை நூல் ஓடினால் வேலை முடியவில்லை.

பதுளை, சத்திரசிகிச்சைக்கூடத் தாதி:
வடிகட்டி இல்லாத நாளில் ஊசிக்குழாயை முனை மேலே இருக்கும்படி நிறுத்திவைப்போம். துகள் அடியில் படிந்ததும் மேல்நீரைத் தள்ளிவிட்டுப் புதிய கரைசலை உறிஞ்சுவோம். இப்படிச் சில முறை. செலுத்துமுன் குலுக்க மறந்தால் வெறும் நீர்தான் போகும். இதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே கரு இறுகிய நோயாளி பட்டியலில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் டொக்டர். உறை கிழிந்தபிறகு கேட்டால் கூடமே பதறும்.

ஹட்டன் பக்கத்து வைத்தியர்:
நன்றி அக்கா. ஐயா, குளுக்கோமா (கண்ணழுத்த நோய்) உள்ளவருக்கும் ட்ரையம்சினலோன் போடலாமா?

கண்டி, ஓய்வுபெற்ற கண் நிபுணர்:
போடலாம். ஆனால் ஸ்டீரொயிட் என்பதால் சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறும். நன்றாக அலசியெடுத்துவிட்டு மறுநாளும் அடுத்த வாரங்களிலும் அழுத்தம் பாருங்கள்.

பதுளை, சத்திரசிகிச்சைக்கூடத் தாதி:
நோய் நிர்ணய அட்டையிலும் எழுதிவிடுங்கள். மிஞ்சிய துகள் முன்னறையின் அடியில் வெள்ளையாகப் படியும். தோட்ட வைத்தியசாலையில் பார்ப்பவர் அதைச் சீழ் என்று நினைத்துவிடலாம்.