புண்கட்டா, புண்காப்பா?

வணக்கம் ஐயா,

‘பெர்சனலைஸ்ட் அட்வான்ஸ்ட் வூண்ட் டிரெசிங்’ என்பதற்கு உங்கள் கலைச்சொற்பட்டியலில் ‘தனிப்பயனாக்கப்பட்ட மேம்பட்ட காயக்கட்டு’ என்று முன்மொழிந்திருப்பதைப் பார்த்தேன். சொல்லி முடிப்பதற்குள் மருந்தே கட்டி முடித்துவிடலாம். சரி, நீளத்தை விடுவோம். எனக்கு இடறுவது ‘கட்டு’தான்.

மட்டக்களப்பில் ‘மருந்து கட்டப் போறன்’ என்பதுதான் பேச்சு. பஞ்சு வைத்துத் துணி சுற்றிய காலத்துக்கு அது பொருந்தும். இப்போதைய டிரெசிங் பலவற்றில் கட்டவே எதுவுமில்லை. அல்ஜினேட்டைப் பாருங்கள். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் நார் அது. நீர் வடியும் புண்ணில் வைத்தால், நாரிலுள்ள கல்சியம் வெளியேறிப் புண்ணீரின் சோடியம் உள்ளே வர, வழுவழுப்பான கூழாகிவிடும். எடுக்கும்போது சதையைப் பிய்க்காது. வயலில் வெட்டுப்பட்ட காலில் காய்ந்து ஒட்டிய துணியைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உரித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1962இல் ஜோர்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் மேலோட்டமான காயங்களைப் பொலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தார். ஈரம் காயாத புண்களில் தோல் வேகமாக மூடியது. ‘காத்துப்பட விடு, காயட்டும்’ என்ற நம் வீட்டு வைத்தியத்துக்கு நேர் எதிர்! ஈரத்தைக் காப்பதுதான் இங்கே வேலை என்பதால் ‘புண்காப்பு’ என்கிறேன். நுரைக்காப்பு, படலக்காப்பு, கூழ்க்காப்பு என்று வகைகளும் இலேசாக வந்து விழும். கைக்காப்பு ஞாபகம் வரும் என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும், வைத்தியசாலையில் யாரும் குழம்பப் போவதில்லை. பழையது கட்டு, புதியது காப்பு என்றாகிவிட்டால் ‘மேம்பட்ட’ என்ற ஒட்டும் தேவையில்லை.

‘தனிப்பயனாக்கப்பட்ட’ என்பதைச் சுருக்கி ‘ஆளுக்கேற்ற’ என்றாலும் போதாது. சலரோகக்காரர் ஒருவரின் காற்புண்ணில் நீர் நிறைய வடிந்தால் நுரையோ அல்ஜினேட்டோ வேண்டும். அதே புண் வறண்டபின் அல்ஜினேட் ஒட்டிக்கொள்ளும், ஈரம் கொடுக்கும் கூழ்தான் சரி. கிருமி பிடித்தால் வெள்ளி கலந்தது. ஆள் அவரேதான், மாறுவது புண். புண்ணைப் படமெடுத்து அதே வடிவில் கூழை முப்பரிமாணத்தில் அச்சிடும் ஆய்வுகளும் புண்ணைத்தான் அளக்கின்றன. ஆகவே ‘புண்ணுக்கேற்ற காப்பு’ என்றே வைப்போம்.

இன்னொன்று, பட்டியலில் புண்ணிலிருந்து வடியும் நீரைக் குறிக்கும் ‘எக்ஸுடேட்’டுக்குச் ‘சீழ்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதைக் கட்டாயம் மாற்றுங்கள், ஐயா. ஆறும் புண்ணிலும் தெளிந்த நீர் வடியும். அதைச் சீழ் என்று எழுதினால் சனம் பயந்துவிடும். ‘புண்ணீர்’ போதும்.