மறு: 'மாற்றலை' வேண்டாம், 'வகைமாறிய அலை' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலநடுக்கத்தின் முதன்மை அலை (P), புவிக்குள் ஓர் எல்லையைச் சாய்வாகக் கடக்கையில் அதன் ஆற்றலில் ஒரு சிறு பங்கு இரண்டாம் நிலை அலையாகப் (S) பிரிந்து செல்கிறது. ஆங்கிலத்தில் 'converted wave' எனப்படும் இதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட 'மாற்றலை' கச்சிதமான சொல்தான். ஆயினும், 'மாற்று அலை' எனப் பிரித்தால் ஒன்றுக்குப் பதிலாக வரும் வேறோர் அலை என்றாகிவிடும். சேர்த்துப் படித்தாலோ 'இன்னும் சட்டையை மாற்றலை' என்னும் பேச்சு வழக்கின் எதிர்மறை காதில் விழுகிறது.

'உருமாறிய அலை' என்றால் உருமாறிய பாறையோடு குழம்பும். 'திரிபலை' எனக்கு மிகவும் பிடித்திருந்தது: பொன்னும் குடமும் சேருமிடத்தில் னகரம் றகரமாகத் திரிந்து பொற்குடம் ஆவதைப் போலவே, இங்கும் இரு அடுக்குகள் சேருமிடத்தில்தான் அலை திரிகிறது. ஆனால் இயற்பியலில் தகைவு (stress) என்பதன் இணைச்சொல்லாக, strain என்னும் பொருளில் 'திரிபு' ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. நிலநடுக்க அலை போன்ற மீட்சி அலைகளைப் (elastic waves) பேசும் இடத்தில் அதை இரு பொருளில் ஆள இயலாது.

ஆகவே 'வகைமாறிய அலை' என்பதை முன்வைக்கிறேன். இங்கு அதிர்வெண் மாறுவதில்லை. செல்லும் திசையிலேயே துகள்களை அசைத்த அலை, இப்போது குறுக்காக அசைக்கிறது. வேகமும் குறைகிறது: புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள மேல் கவசத்தின் (upper mantle) உச்சியில் முதன்மை அலை நொடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. செல்ல, இரண்டாம் நிலை அலை 4.5 கி.மீ.தான் செல்லும். அதனால் எல்லை ஆழமாக ஆழமாக வகைமாறிய அலை கூடுதலாகப் பிந்தும்; தொலைவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் பதிவில் கிடைமட்டக் கூற்றை உற்று நோக்கினால், முதன்மை அலை வந்து சுமார் 4 நொடி கழித்து மேலோட்டையும் கவசத்தையும் பிரிக்கும் 35 கி.மீ. ஆழ மோஹோ எல்லையில் வகைமாறிய அலையின் சிறு மேடும், 44 நொடியளவில் கவசத்துக்குள் 410 கி.மீ. ஆழத்திலுள்ள எல்லையினுடையதும், 68 நொடியளவில் 660 கி.மீ. எல்லையினுடையதும் தென்படும். கடைசி இரண்டும் வழக்கத்தைவிட ஒரே அளவு தாமதித்து, இடைவெளி மட்டும் 24 நொடியாகவே நின்றால், வேகம் குறைந்த பகுதி 410 கி.மீ.க்கு மேலே இருப்பதாகக் கொள்ளலாம்.

எதிர்த்திசை மாற்றமும் உண்டு. இரண்டாம் நிலை அலையிலிருந்து முதன்மை அலையாக மாறியது தன் தாய் அலைக்கு முன்பே வந்துவிடுவதால், பின்னால் வரும் மேலோட்டு எதிரொலிகளோடு கலப்பதில்லை. பாறைக்கோளத்தின் (மேலோடும் கவசத்தின் விறைப்பான உச்சிப் பகுதியும் சேர்ந்தது) அடித்தளத்தைத் தேடுவோர் இதை விரும்புவது அதனால்தான். 'வகைமாறிய' என்னும் அடை இரண்டுக்கும் பொருந்தும். திசையைக் காட்ட 'மு–இ', 'இ–மு' எனக் குறிக்கலாம் என்பது என் கருத்து.