சொந்தக்காரங்க வீட்டு லீவு, கைவேலை, ஒத்துக்காத சாப்பாடு – உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

நூல்கண்டு

ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்திட்டே இருக்கு, அதான் எழுதுறேன். எனக்கு செலியாக் (கோதுமை, பார்லில இருக்குற க்ளூட்டன்ங்கற புரதம் கொஞ்சம் உள்ள போனாலும் ஆகாது), இங்க யாருக்கும் பெருசா விளக்க வேண்டியதில்ல. அண்ணன் வீட்டுக்கு 10 நாள் போனேன், பையில பாதி துணி பாதி நூல், முக்கால்வாசில நின்னுபோன ஒரு க்ரோஷே போர்வை இருந்துச்சு, அத முடிச்சே தீரணும்னு கிளம்புனேன். அண்ணி எனக்குன்னு தனி சட்டி, தனி கரண்டி, தனி ஸ்பாஞ்ச், அலமாரில மேல் தட்டு முழுசும் எனக்கு. ஒரு மனுஷி இதுக்கு மேல என்னதான் பண்ணுவாங்க.

மூணாம் நாள் அண்ணன் பொண்ணு, 7 வயசு, முகமூடி செய்யணும் அத்தைன்னு வந்து நின்னா. பழைய பேப்பரைக் கிழிச்சு பசைல முக்கி பலூன் மேல ஒட்டி காயவைப்போம்ல, அது. போர்வைய ஓரமா போட்டுட்டு நானும் உக்காந்துட்டேன். வாளில மைதா கொட்டி தண்ணி ஊத்தி கையாலயே கரைச்சு, ஒரே புகை மாதிரி மாவு பறக்குது, ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு. நடுநடுல கைய துணில தொடச்சிட்டு போர்வைய எடுத்து ரெண்டு வரிசை போடுவேன். நூல் முனைய வாயில வச்சு ஈரம் பண்ணி ஊசில கோக்குற பழக்கம் எனக்கு, சின்ன வயசுலேர்ந்து.

அஞ்சாம் நாள் ராத்திரி படுத்துட்டேன். வயிறு, தலை, மூட்டு, எல்லாம். தண்ணி குடிக்க 11 மணிக்கு எழுந்து போனா சமையலறைல அண்ணி தரைல உக்காந்துருக்காங்க. லைட் போட்டா நான் முழிச்சிக்குவேன்னு போன் டார்ச்ச வச்சுக்கிட்டு ஒவ்வொரு டப்பாவா எடுத்து பின்னாடி இருக்குற பொடி எழுத்த படிக்கிறாங்க, உதடு அசையுது. என்னப் பாத்ததும், "எதுலன்னு தெரியலயே, நான்தான் எங்கயோ கோட்ட விட்டுட்டேன்"னாங்க.

நான் மறுபடி படுத்துட்டேன். காலைல போர்வைய கைல எடுத்தப்ப நூல்ல வெள்ளையா காஞ்ச பசை ஒட்டியிருந்துச்சு. அப்பதான் புரிஞ்சுது. வாளி அதே மூலைல இருந்துச்சு, முகமூடிக்கு மூணாவது அடுக்கு பாக்கி. சொன்னா அந்தப் புள்ளைகிட்டேர்ந்து வாளிய பிடுங்குவாங்க, "உன்னாலதான் அத்தைக்கு இப்படி"ன்னு ஒரு வார்த்த வரும், நல்லாவே தெரியும். அதனால அண்ணிகிட்ட "வழில வாங்கித் தின்னது ஏதோ ஒத்துக்கல போல"ன்னு சொல்லிட்டேன். அவங்க நம்பல. கிளம்புற வரைக்கும் ஒவ்வொரு தட்டையும் வச்சிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாங்க.

பாதிராத்திரிப்பின்னல்

எனக்கு லாக்டோஸ், பால் குடிச்சா வயித்துக்கு ஒத்துக்காது. மாமனார் வீட்டுல 2 வாரம். அவருக்கு இதுல நம்பிக்கையே கிடையாது, "எங்க காலத்துல"ன்னு ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும். நான் ஸ்கெட்ச் புக்கோட போயிருந்தேன், தினம் ஒரு ஆள வரையணும்னு எனக்கு நானே கணக்கு வச்சுக்கிட்டேன், அன்னிக்கு அவர் முறை. உக்காருங்க மாமான்னதும் அதிசயமா சம்மதிச்சு உக்காந்தார், அவரே காப்பி போட்டு எனக்கும் கொண்டாந்து குடுத்தார், என் டப்பாலேர்ந்து பாதாம் பால் ஊத்திதான் போட்டேன்னார். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு போங்க, இவ்ளோ வருஷத்துல மொத தடவ.

வரைஞ்சிட்டே இருக்கேன், ஆளு கைக்கடிகாரத்த பாத்துட்டே இருக்கார். அசையாதீங்க மாமான்னு ரெண்டு தடவ சொல்லியாச்சு. 20 நிமிஷம் ஆனதும், "பாத்தியா, முழுக்க மாட்டுப்பால், ஒண்ணும் ஆகல, எல்லாம் உன் மனசுதான்"னார். 20 நிமிஷத்துல என்ன ஆகும், எனக்கு அரை மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும், சில நாள் ரெண்டு மணி நேரம் கூட ஆகும். அன்னிக்கு ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சுது, பாத்ரூம்லேர்ந்து நான் வெளில வரப்போ அவர் ஹால்ல இல்ல, நடக்கப் போயிட்டாராம்.

அந்தப் படம் இன்னும் இருக்கு. கடிகாரத்த பாக்குற மாதிரியே வரைஞ்சு வச்சிருக்கேன், அப்ப ஏன்னு தெரியாது. சொல்லக்கூடாது, நல்லாவே வந்துருக்கு.

சரியாச்சொல்லணும்

ரெண்டு விஷயம். முதல்ல நூல்கண்டு, தோல் வழியா க்ளூட்டன் உள்ள போகாது. பசைல கை வச்சதுக்கெல்லாம் செலியாக் வராது, எனக்கென்னவோ அது சமையலறைல நடந்த கலப்படம்தான்னு தோணுது. டோஸ்டர், மர கரண்டி, பழைய வெட்டுப்பலகை, இதெல்லாம் பாத்தாங்களா? மரத்துல கீறலுக்குள்ள இருக்குறது கழுவுனா முழுசா போயிடும்னு நம்ப முடியாது. சூடு பண்ணா க்ளூட்டன் செத்துடும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, அது கிருமி இல்ல சாகறதுக்கு.

ரெண்டாவது, பாதிராத்திரி சொன்னது லாக்டோஸ், அதாவது பால்ல இருக்குற சர்க்கரைய ஜீரணிக்குற லாக்டேஸ் என்சைம் கம்மி. அத யாரும் பால் அலர்ஜியோட போட்டுக் குழப்பாதீங்க. அலர்ஜிங்கறது பால்ல இருக்குற புரதத்துக்கு, கேசீன், வே (whey) ரெண்டுக்கும் வரலாம், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். லாக்டோஸ் இல்லாத பால்னு விக்கிறாங்களே அதுல புரதம் அப்படியேதான் இருக்கு, என்சைம் சேர்த்து சர்க்கரைய உடைச்சிருப்பாங்க, அவ்ளோதான். லாக்டோஸ்காரங்களுக்கு அது ஓகே, பழைய கெட்டி சீஸ்ல லாக்டோஸ் ரொம்பக் கம்மி, அதுவும் நிறைய பேருக்கு ஓகே. அலர்ஜிக்காரங்களுக்கு ரெண்டுமே ஆபத்து. மாமனார் பண்ணத அலர்ஜி இருக்குற ஒருத்தர்கிட்ட பண்ணியிருந்தா கத வேற.

என் கத சின்னது. எனக்கு வேர்க்கடலை அலர்ஜி. சித்தி வீட்டுல களிமண் வேலை சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன், குட்டிங்க அஞ்சு பேர். ஒருத்தன் கடலைய தின்னுட்டு ஓடிவந்தான். சித்தி "இரு இரு"ன்னு அவன் கைல சானிடைசர் ஜெல்ல பிதுக்கிட்டு, பெருமையா என்னப் பாத்தாங்க. ஜெல் கடலைப் புரதத்த எடுக்காது, அங்கயும் இங்கயும் தேய்க்கும் அவ்ளோதான், சோப்பு தண்ணி வேணும் இல்ல ஈர வைப்ஸ் வேணும். அத அந்த நிமிஷம் சித்திகிட்ட சொல்ல வாய் வரல. பையன் களிமண்ணுல கைய வச்சுட்டான். நான் எழுந்து வெளில வந்து நின்னேன். மொத்த களிமண்ணும் குப்பைக்கு.

அலர்ஜி இருக்கறவங்க யாரா இருந்தாலும் சொல்றேன், அலர்ஜி முத்துனா உடனே குத்திக்கற அட்ரினலின் ஊசி பெட்டில, மாடி ரூம்ல எல்லாம் வேணாம், உடம்புலயே இருக்கணும். தொடைல வெளிப்பக்கம் குத்தணும், குத்திட்டு சரியாயிடுச்சுன்னு வீட்டுலயே இருக்கக்கூடாது, சில மணி நேரம் கழிச்சு அலர்ஜி ரெண்டாவது தடவ வரலாம், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். வீட்டுல இருக்குற ரெண்டு பேருக்காவது குத்தக் காட்டி வைங்க. நான் பழைய ஊசிய வச்சு ஆரஞ்சுப்பழத்துல குத்திக் காட்டுனேன்.

நூல்கண்டு

தோல் வழியான்னு நான் எங்க சொன்னேன். நூல் முனைய வாயில வச்சேன்னு எழுதியிருக்கேன், மாவு பறந்துச்சுன்னும் எழுதியிருக்கேன், மூக்குல போறது தொண்டைக்குத்தான் வரும். டோஸ்டரே அந்த வீட்டுல எனக்கு தனி. அண்ணி மேல திரும்பவும் போடாதீங்க ப்ளீஸ், அதுக்காகத்தான் இத எழுதுனதே.

துண்டுத்துணி

நான் மறுபக்கம். எனக்கு எதுவும் ஒத்துக்காம இல்ல, என் பொண்ணுக்குதான், வெங்காயம் பூண்டு கோதுமைல எல்லாம் இருக்குற ஃப்ரக்டான்ங்கற ஒரு வகை கார்போஹைட்ரேட் ஆகாதுன்னு டயட்டீஷியன் சொல்லி மூணு வருஷமா அப்படித்தான் சாப்பிடுறா. வருஷத்துக்கு ஒரு தடவ வருவா, வந்தா ரெண்டு பேரும் சேந்து பழைய துணியெல்லாம் வெட்டி ஒட்டுப்போர்வை தைப்போம், அவ வெட்டுவா நான் தைப்பேன், அவ மூலை எல்லாம் அவ்ளோ சரியா வெட்டுவா ஒரு நூல் நகராது.

போன தடவ வரப்போ சொந்தமா ஒரு சட்டி கொண்டாந்தா. சரி. சொந்தமா எண்ணெய் பாட்டில், சரி. நான் அவ வரதுக்கு ஒரு வாரம் முன்னாடியே படிச்சு வச்சிருந்தேன், ஃப்ரக்டான் தண்ணில கரையும் எண்ணெய்ல கரையாது, அதனால பூண்ட எண்ணெய்ல வாசம் வர்ற அளவு வதக்கி பூண்ட எடுத்துட்டா அந்த எண்ணெய் அவளுக்கு ஆகும், சூப்புல போட்டு எடுத்தாதான் ஆகாது. அதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அன்னன்னிக்கு செஞ்சு வச்சுட்டு, இருந்த வாணலி எல்லாத்தையும் ரெண்டு தடவ தேய்ச்சு கழுவி கவுத்து வச்சேன். அவ வந்தா, பைய வச்சா, சமையலறைக்கு வந்து நான் கழுவி கவுத்த வாணலிய எடுத்து ஒண்ணும் பேசாம மறுபடி கழுவுனா. அவ்ளோதான் நடந்தது. யாரும் சண்டை போடல. எனக்கு அந்த தண்ணி சத்தம் இன்னும் கேக்குது.

அன்னிக்கு சாயங்காலம் தைக்க உக்காந்தோம், நான் தைச்ச ஒரு ஓரத்த அவ பிரிச்சு மறுபடி தைச்சா, அதுக்கு எனக்கு கோவமே வரல பாருங்க.

நூல்கண்டு, அண்ணிகிட்ட சொல்லிடும்மா. டார்ச் வச்சு படிச்ச ஆளுக்கு தெரியணும்.

காயாதசாயம்

துண்டுத்துணி அம்மா எழுதுனதுக்கு அப்புறம் என்னோடது சின்னப்பிள்ளைத்தனமா இருக்கும், பரவால்ல. நான் எக் டெம்பெரா பண்றவ, முட்டை மஞ்சள் கருவ நிறப்பொடியோட தண்ணி சேத்து குழைச்சு தீட்டுறது, எண்ணெய்ச் சாயம் வர்றதுக்கு முன்னாடி பலகை ஓவியமெல்லாம் பெரும்பாலும் இதுலதான். நாத்தனார் வீட்டுக்குப் போனப்போ சாப்பாட்டு மேஜைல ஜன்னல் வெளிச்சம் அற்புதமா விழுந்துச்சு. அவங்க பையனுக்கு முட்டை அலர்ஜின்னு எனக்குத் தெரியும், கல்யாணத்துலேர்ந்து தெரியும், அவனுக்குன்னு முட்டையில்லாத கேக் வாங்கிட்டுப் போனதே நான்தான். ஆனா சாயத்த சாப்பாடுன்னு நெனைக்கவே இல்ல பாருங்க. மஞ்சள் கருவ உள்ளங்கைல உருட்டி தோல கிள்ளி ஒழுக விட்டுட்டு இருக்கேன், நாத்தனார் உள்ள வந்தாங்க. ஒரு வார்த்த சொல்லல. பையன இடுப்புல தூக்கிட்டு ரூமுக்குள்ள போய் கதவ சாத்துனாங்க. தாழ்ப்பாள் போடுற சத்தம்.

மேஜைய மூணு தடவ சோப்பு போட்டு கழுவுனேன், பலகைய கார் டிக்கில வச்சேன். இன்னிக்கும் பேசுவாங்க, நல்லாத்தான் பேசுவாங்க.

அதனால, யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன், சொந்தக்காரங்க வீட்டுக்கு எந்த வேலைய தூக்கிட்டுப் போகணும்னு நான் பட்டுக் கத்துக்கிட்டது. எண்ணெய்ச் சாயம் வேணவே வேணாம், காய நாள் கணக்கா ஆகும், நாத்தம் வேற, கிளம்புற அன்னிக்கு ஈரப்பலகைய மடில வச்சிட்டு வரணும். அக்ரிலிக் சீக்கிரம் காயும், ஆனா அடுத்தவங்க சோபால பட்டு காஞ்சா அவ்ளோதான், போகாது. வாட்டர்கலர்தான் விருந்தாளிக்கு ஏத்தது, 300 ஜிஎஸ்எம்னு போட்ட கெட்டியான பேப்பர் கொண்டு போனா டேப் போட்டு ஒட்டாமலே பெருசா சுருங்காது, சின்ன அட்டையா வெட்டிக்கோங்க, ஒரே உக்காருல முடியுற சைஸ். கேசீன் பெயின்ட் பால்லேர்ந்து வர்றது, பால் அலர்ஜி வீட்டுக்கு அது கூடாது. குழந்தைங்க உருட்டி விளையாடுற மாவுல பெரும்பாலும் கோதுமை இருக்கும், லேபிள படிங்க. முகமூடிக்கு மைதாவுக்கு பதிலா அரிசி மாவையோ சோள ஸ்டார்ச்சையோ காய்ச்சி பசை பண்ணலாம், இல்லன்னா வெள்ளை கோந்துல தண்ணி கலந்துக்கலாம், அதுதான் சுலபம், புளிச்ச வாடையும் வராது. பெரிய போர்வைய மட்டும் கொண்டு போகாதீங்க, யாராவது அது மேல உக்காருவாங்க. சின்னச் சின்ன சதுரமா போட்டு வீட்டுக்கு வந்து இணைச்சுக்கோங்க. அப்புறம் நூல் முனைய வாயில வைக்காதீங்கப்பா, ஊசி கோக்குறதுக்குன்னு மெல்லிய கம்பி ஒண்ணு விக்கிது.

பாதிராத்திரிப்பின்னல்

அந்த கம்பி ரெண்டாவது நாளே உடையும். வாய்தான் சரி.

சரியாச்சொல்லணும், நான் அலர்ஜின்னு எங்கயும் எழுதல, லாக்டோஸ்னு மொத வார்த்தையே அதுதான். மாமனாரும் இப்படித்தான், நான் சொல்லாத ஒண்ணுக்கு பதில் சொல்வார்.

சரியாச்சொல்லணும்

படிக்கறவங்களுக்காக சொன்னேன், உங்களுக்கு இல்ல.

நூல்கண்டு

துண்டுத்துணி அம்மா, உங்க பதிவ நாலு தடவ படிச்சேன். என் அண்ணி சட்டிய நானும் ஒரு தடவ மறுபடி கழுவியிருக்கேன். அவங்க பாக்கலன்னு நெனச்சிட்டு இருந்தேன், இப்ப தெரியல.

முகமூடி இன்னும் அவங்க வீட்டு ஹால்ல தொங்குது, காது ஒரு பக்கம் பெருசு. போர்வைல அந்த பசை ஒட்டுன ரெண்டு வரிசைய பிரிச்சு நூல தூக்கிப் போட்டேன், அதே சாயத்துல மறுபடி நூல் கிடைக்கல, அந்த எடத்துல நிறம் கொஞ்சம் மாறித் தெரியும்.

அண்ணி இப்பவும் கடைல நின்னு லேபிள ஃபோட்டோ எடுத்து அனுப்புவாங்க, நான் அங்க போறேனோ இல்லையோ. நேத்து ஒரு சாஸ் பாட்டில். பார்லி மால்ட் போட்டிருக்கு, வேணாம் அண்ணின்னு பதில் போட்டேன். அதுக்குக் கீழ பசை விஷயத்த முழுசா டைப் பண்ணேன். பண்ணிட்டு அழிச்சிட்டேன். சரிம்மான்னு ஒரு கட்டைவிரல் அனுப்புனாங்க.